நோட்டை விற்றோம், கடிதத்தை எறிந்தோம்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக் கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வந்து குவியும். மலாய் நாட்டுப் பழங்கள் அவை. நம் மலைத்தோட்டங்களில் வேர்பிடித்து, கண்ணும் கருத்துமாக வளர்க்கப்பட்டு, இன்று குற்றாலத்துப் பழங்களாகவே ஆகிவிட்டன. அதே சீசன் சமயத்தில், பித்தளைச் சாமானும் பழைய கடிகாரமும் விற்கும் கடைகளில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பங்களையும் பார்க்கலாம். மலாயா, பர்மா, இலங்கை, குவைத், ஈராக் என்று பல நாட்டுப் பழைய நோட்டுகள் அவற்றில் இருக்கும். குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வருகிறவர்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஆல்பங்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி எங்கெங்கோ மொத்தமாக வாங்கி வந்தவைதான். எல்லாமே அப்படி வந்தவை அல்ல. கடையநல்லூர் வீடுகளின் பரண்களிலிருந்தும் தென்காசித் தெருக்களின் டிரங்குப் பெட்டிகளிலிருந்தும் இறங்கியவையும் அவற்றில் உண்டு. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும், பாகம் பிரிக்கும்போதும், ஆச்சி இறந்து நாற்பது நாள் கழிந்து அவர் பெட்டியைத் திறக்கும்போதும் எடுத்துக் கொடுக்கப்பட்டவை அவை. யாரும் வந்து திருடிக்கொண்டு போகவில்லை. வியாபாரி ஏமாற்றிப் பறித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. வாசலுக்கு வந்த பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு, எடைக்குப் போட்டது நாம். கடிதம், கணக்குநோட்டு, பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், நோட்டு என்று ஒரு மனிதர் அக்கரையில் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் ஒரே கட்டாகத் தராசில் ஏறியது. அந்தக் கட்டிலிருந்து நோட்டு மட்டும் பிரிந்து ஆல்பத்துக்கு வந்தது. மற்றதெல்லாம் கூழாகிவிட்டது.

இது கடல் இல்லாத வட்டாரம். மேற்கே மலை, கிழக்கே குளமும் வயலும். ஆனாலும் கப்பல் ஏறியவர் இல்லாத தெருவை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். கடையநல்லூர் நெசவாளர்கள் தறியை விட்டுவிட்டு சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போனார்கள். தனியாகப் போனவர்கள் மட்டுமல்ல, மனைவி மக்களோடு போய்க் குடியேறியவர்களும் அவர்களில் நிறைய. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பை 1941இலேயே அங்கே தொடங்கும் அளவுக்கு அவர்கள் தொகை பெருகியிருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும், கொழும்புத் துறைமுகத்துக்கும், அங்குள்ள கடைகளுக்கும் போனவர்கள் பல்லாயிரம் பேர். மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு, தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்கள் உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி பினாங்கில் இறங்கியவர்கள், ரங்கூனில் பிழைத்தவர்கள், 1970களுக்குப் பிறகு குவைத், சவூதி, துபாய் என்று சபுர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போனவர்கள் எல்லாரும் ஊருக்கு அனுப்பியதும் கொண்டுவந்ததும் பணம். செலவானது போக மிஞ்சிய ஒன்றிரண்டு நோட்டுகள் பெட்டியில் தங்கின.

தென்காசியிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டைகூட 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்த பகுதிதான். அங்கே சக்கரமும் பணமும் காசும் புழங்கின. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கணக்கு. வேற்று நாணயம் என்பது தென்காசிக்காரர்களுக்கு என்றைக்குமே எட்டாத அதிசயமாக இருந்ததில்லை. பழகிப்போனதாலேயே அலட்சியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பத்து வெள்ளி வாழைமர நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மலாயாவை ஜப்பான் பிடித்துவைத்திருந்த காலத்தில் அடித்த நோட்டு. முன்பக்கம் குலை தள்ளிய வாழையும் மற்றப் பழமரங்களும். மேலே ஆங்கிலத்தில் ஜப்பானிய அரசாங்கத்தின் பெயர்; அதன் கீழே, கேட்ட மாத்திரத்தில் கொண்டுவந்தவருக்குப் பத்து டாலர் தருவதாக வாக்குறுதி. பின்பக்கம், கடலின் விளிம்பில் ஒரு கப்பல். முதலில் அடித்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு அதுவும் போய், மலாயாவைக் குறிக்கும் எம் என்ற எழுத்தோடு இன்னோர் எழுத்து மட்டும் மிஞ்சியது. கணக்கே இல்லாமல் அடித்துத் தள்ளியதால் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்த நோட்டுகள் அத்தனையும் செல்லாது என்று ஆனது. மூன்றரை வருடச் சம்பாத்தியம் ஒரே நாளில் வெறும் காகிதமானது.

அந்தக் காகிதத்தைச் சிலர் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் கொண்டுவந்தார்கள்? மறுபடி செல்லும் என்ற நம்பிக்கையா? ரத்தம் சிந்திச் சம்பாதித்ததை அங்கேயே விட்டுவிட்டு வர மனசு வராததா? பட்ட பாட்டுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றா? ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் இருந்திருக்கும். அதைச் சொல்லக்கூடியவர்கள் 1980கள் வரை, 1990கள் வரைகூட, நம் வீட்டுத் திண்ணைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாம் கேட்கவில்லை.

அவர்களிடமாவது கேட்க மறந்தோம் என்று சொல்லலாம். ஊரில் இருந்த பெண்களிடம் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அன்றிலிருந்து போர் முடியும் வரை அங்கிருந்து மணியார்டர் வரவில்லை, உண்டியல் பணம் வரவில்லை, கடுதாசி வரவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறானா, சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா, நேதாஜியின் படையில் சேர்ந்துவிட்டானா என்று தெரியாமல் மூன்று வருடத்துக்கு மேல் இந்தத் தெருக்களில் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். தறியில் நூல் சுற்றியும் பீடி சுற்றியும் களையெடுத்தும் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். கடைசியாக வந்த கடிதத்தையும் அதோடு வந்ததையும் சேலைக் கிழிசலில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார்கள். பல வருடம் கழித்து பெட்டியைத் திறந்த பேரன் “செல்லாத நோட்டை எதுக்கு ஆச்சி இன்னும் வச்சிருக்கிய?” என்றான். அது கேள்வியே அல்ல. பதிலுக்குக் காத்திருக்காத பேச்சு. ஆச்சி சிரித்துவிட்டுப் பெட்டியை மூடியிருப்பார். இந்தப் போரின் வரலாற்றைத் தளபதிகளை வைத்து எழுதிய புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. கடையநல்லூரில் அந்த மூன்று வருடம் அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்லும் புத்தகம் ஒன்று உண்டா? எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம்.

நாம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: இதுக்கு இப்ப எவ்வளவு கிடைக்கும்? வாழைமர நோட்டுக்கு அந்தக் கேள்வியின் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உலகம் முழுக்கக் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் நோட்டு அது, விலை சொற்பம். விலை இல்லை என்று தெரிந்ததும் மதிப்பும் இல்லை என்று முடிவு கட்டினோம். 786 என்று முடியும் இந்திய நோட்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டோம். தாத்தாவின் கைரேகை படிந்த நோட்டைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்தோம். விலையைப் பார்த்த அளவிலும் நாம் கவனமாக இல்லை என்பதுதான் வேதனை. சிங்கப்பூர் 1967இல் வெளியிட்ட ஆர்க்கிட் பூ வரிசை, 1976இன் பறவை வரிசை, 1984இன் கப்பல் வரிசை நோட்டுகள் இன்றைக்கும் அந்த நாட்டில் செல்லுபடியாகும் பணம். பழசு என்ற ஒரே காரணத்துக்காக அவற்றையும் செல்லாத நோட்டு என்று தள்ளிய வீடுகள் உண்டு. எழுத்தைப் படித்துப் பார்க்கும் பொறுமைகூட நமக்கு இல்லை.

செல்லாமல் போன பணத்தின் கதையும் நமக்குப் புதிதல்ல. 1964 மே மாதம் பர்மாவின் ராணுவ அரசு ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது, கடைகளையும் அரசுடைமையாக்கியது. அங்கிருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். 1970இல் இலங்கை தன் ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியபோது அங்கே கடை வைத்திருந்த நம்மவர்களும் திண்டாடினார்கள். 2016 நவம்பர் 8 இரவு அதே அறிவிப்பு நம் தலையிலேயே விழுந்தபோதுதான் வங்கி வாசலில் வரிசையில் நின்றபடி செல்லாத நோட்டின் வலி என்னவென்று அறிந்தோம். அப்போதாவது வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய செல்லாத நோட்டு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு நோட்டு என்று நாம் ஒதுக்கியவற்றில் சில நம் நாட்டோடு ஒட்டிப் பிறந்தவை என்பதையும் கவனிக்கவில்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட பிறகும் சில காலம் அந்த நாட்டுக்கும் நோட்டு வெளியிட்டது இந்திய ரிசர்வ் வங்கிதான். ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய நோட்டின் மேலேயே, பர்மாவில் மட்டும் செல்லும் என்று ஆங்கிலத்தில் முத்திரையிட்டு அனுப்பினார்கள். 1959இல் வளைகுடா நாடுகளில் புழங்குவதற்கென்றே இசட் என்ற எழுத்தில் தொடங்கும் எண்களோடு தனி நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. மக்காவுக்குப் போகும் பயணிகளுக்கென்று ஹஜ் நோட்டுகளும் அப்போதே வந்தன: பத்து ரூபாயும் நூறு ரூபாயும், எச்ஏ என்ற எழுத்துகளோடு. இந்தியாவுக்குள் அவை செல்லா. ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய பெரியவர் ஒருவர் மீதி வந்த ஒரு நோட்டை நினைவுக்காக வைத்திருந்தால், அது இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகும். அதைவிட, எந்த வருடம், எந்தக் கப்பலில், யார் யாரோடு போனார் என்று அவர் சொல்லி ஒருவர் எழுதி வைத்திருந்தால் இந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய சொத்து.

நோட்டு சேகரிக்கிறவர்களாகிய எங்கள் பங்கைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் பாதிதான். வீட்டார் மட்டும் தவறு செய்யவில்லை. மடிப்பு விழாத, கை படாத, மொறமொறப்பான நோட்டுதான் உயர்ந்தது என்று ஒரு தரவரிசையைப் பிடித்துக்கொண்டோம். யார் கையிலும் புழங்காத நோட்டுக்கு உச்ச விலை. ஒரு நெசவாளியின் மடியில் ஆறு மாதம் கிடந்து நைந்த நோட்டுக்கு மதிப்பில்லை. நோட்டின் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதி வைத்த பெயரையும் தேதியையும் ரப்பர் போட்டு அழித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். மடிப்பு போக இஸ்திரி போட்டார்கள், சோப்புத் தண்ணீரில் அலசினார்கள், கிழிசலில் செல்லோடேப் ஒட்டினார்கள், கெடாமல் இருக்கட்டும் என்று லேமினேட் செய்தார்கள். லேமினேட் செய்த நோட்டைப் பழையபடி பிரித்தெடுக்க வழியே இல்லை. இவ்வளவு சிரத்தை எடுத்தும், இது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லும் வழக்கமில்லை. நாம் கேட்டிருந்தால் அவரும் குறித்து வைத்திருப்பார். வாங்குகிறவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தானே விற்கிறவர் பத்திரப்படுத்துவார்.

ஒரு காலத்தில் ரூபாய் நோட்டைத் தபாலில் அனுப்புகிறவர்கள் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஒரு கடிதத்திலும் மறுபாதியை இன்னொரு கடிதத்திலும் அனுப்புவார்கள். வழியில் திருட்டுப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. இரண்டு பாதியும் சேர்ந்து ஒட்டிய நோட்டு இன்றும் கிடைக்கிறது. ஒட்டின இடத்தைப் பார்த்தாலே இரண்டு கடிதங்கள் போன பாதை மனசில் வருகிறது. நோட்டும் கடிதமும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்த காலம் அது. நம் வீடுகளில் இரண்டையும் பிரித்துவிட்டோம். மலாயாவிலிருந்து வந்த கடிதங்களில் சில அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. தமிழ்ப் பேச்சு, அரபு எழுத்து. மூத்த தலைமுறைப் பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்தைவிட அது சரளம். அவர்களுக்குப் பிறகு வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனது. புரியாத எழுத்தைக் குழந்தைகள் மிதித்துவிடக் கூடாது என்று பயந்து கிணற்றில் போட்டவர்கள் உண்டு. அது மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்தது வேதவசனமாக இல்லாமல், கடன் எவ்வளவு அடைந்தது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயா, மழை பெய்ததா என்ற விசாரிப்பாகவும் இருந்திருக்கலாம். வாசிக்கத் தெரிந்த ஒரு ஆலிமிடம் கொண்டுபோய்க் காட்ட ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை நாம் ஒதுக்கவில்லை.

நம் ஆட்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் நிலைமை வேறு. சிங்கப்பூரின் தேசிய அருங்காட்சியகம் வாழைமர நோட்டைக் கண்ணாடிக்குள் வைத்து அந்தக் காலத்தைச் சொல்லித் தருகிறது. சிங்கப்பூரில் இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறக்கப்பட்டது. அவர்கள் நகரத்தை இடித்து இடித்துக் கட்டினாலும் நினைவை ஒரு கட்டடத்துக்குள் சேர்க்கிறார்கள். பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்று நாம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் போர்டு எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என்று பிறர் குப்பை என்று எறிந்ததையெல்லாம் தனியொருவராகச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு ஆராய்ச்சி நூலகமாகி, 1994 முதல் சென்னையில் உலகத்து ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. ஒரு மனிதருக்கு முடிந்தது ஒரு வட்டாரத்துக்கு முடியாமல் போனதற்கு நம்மைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை.

பாதுகாக்கத் தெரியாதவர்களும் அல்ல நாம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களை அவர்கள் போற்றி வைத்தார்கள். அவை புத்தகமாகவும் வந்தன. அறிஞரின் கடிதத்தைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, தறிக்காரரின் கடிதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டிலேயே, பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குவதாகக் கல்லில் பாடி வைத்துவிட்டுப் போனார். பிற்காலத்தார் அலட்சியமாக இருப்பார்கள் என்று தெரிந்த அரசர். நெடுங்காலம் பிளந்து நின்ற அந்தக் கோயில் கோபுரத்தை நம் காலத்தில் ஊர் கூடி எழுப்பி, 1990இல் குடமுழுக்கும் நடத்தினோம். கல்லுக்கு அவ்வளவு செய்த ஊர் இது. காகிதத்துக்குச் செய்ய ஆயிரத்தில் ஒரு பங்கு உழைப்பு போதும்.

பினாங்குக்குப் போன தலைமுறையை இழந்துவிட்டோம். அது முடிந்துபோன விஷயம். ஆனால் 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்தில் இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஈராக் படை உள்ளே வந்த அன்று காலையில் என்ன பார்த்தார்கள், கையிலிருந்த தினாரை என்ன செய்தார்கள், பாலைவனம் கடந்து அம்மான் வரை எப்படி வந்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை அங்கிருந்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். குவைத் விடுபட்டதும் 1991இல் புது நோட்டு அடித்து, பழைய நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. அந்தப் பழைய தினார்களும், சதாம் உசேன் படம் போட்ட ஈராக் நோட்டுகளும் இப்போதே ஆல்பங்களுக்கு வந்துவிட்டன. அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. வாழைமர நோட்டுக்குச் செய்ததையே இவர்களுக்கும் செய்துகொண்டிருக்கிறோம்.

தென்காசி 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்குக் கட்டடங்கள் வந்தன, பலகைகள் வந்தன. கடல் கடந்து போன அதன் மக்களின் பதிவேடு ஒன்று எங்கும் இல்லை. அரசைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் ஜமாஅத்துகள், சமுதாயச் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், நூலக வாசகர் வட்டங்கள் இவற்றில் ஒன்றாவது இதைக் கையில் எடுத்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டிலிருந்து கப்பல் ஏறியவர் யார் என்று எழுதி வரச் சொன்னால் ஒரே வருடத்தில் ஒரு ஊரின் கதை கைக்கு வந்துவிடும்.

வீட்டில் இப்படிப் பெட்டி இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நோட்டைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ராமபாணப் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் வரும். சுவரோரம் வைக்காமல், பிவிசி அல்லாத தெளிந்த பாலியெஸ்டர் உறையில் போட்டு, காய்ந்த இடத்தில் வையுங்கள். அதோடு இருந்த கடிதத்தையும் உறையையும் பிரிக்காதீர்கள். தனிக்காகிதம் ஒன்றில் கொண்டுவந்தவர் பெயர், ஊர், தெரு, போன வருடம், திரும்பிய வருடம், செய்த வேலை, யார் சொல்லித் தெரிந்தது என்பதை எழுதிக் கூடவே வையுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் காகிதத்தோடு விற்றுவிடுங்கள். வாங்குகிற சேகரிப்பாளரே, அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்தச் சீசன் முடிவதற்குள், குவைத்திலிருந்து திரும்பிய உங்கள் மாமாவிடமோ பெரியப்பாவிடமோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.